ஆறு கிராமியக் கலைஞர்களும் தலைநகர் தில்லியும்

புது தில்லி: வெளிமாநிலத்திலிருந்து ஒரு நாடகக் குழு தலைநகருக்கு வருகிறது. மண்டி ஹவுஸ் வட்டாரத்தில் உள்ள காமானி அரங்கிலோ, ஸ்ரீராம் மையத்திலோ, தேசிய நாடகப் பள்ளி வளாகத்திலோ ஓர் இரவு நடிக்கிறது. மறுநாள் ஆங்கில நாளேடுகளில் விமர்சனம் வருகிறது. நடிப்பு, ஒளி, இசை, இயக்குநரின் பார்வை என எல்லாவற்றைப் பற்றியும் அதில் இருக்கும். நடித்தவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், ஊருக்குத் திரும்ப ரயிலில் இடம் கிடைத்ததா என்பது மட்டும் இருக்காது. தலைநகரின் பண்பாட்டு வரலாறு பெரும்பாலும் மேடை விளக்கு அணைந்த கணத்தோடு முடிந்துவிடுகிறது.

விளக்கு அணைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அறிய, கடந்த நூற்றாண்டின் இந்திய நாடக வரலாற்றில் ஒரு குழுவின் கதையைப் பார்ப்பது பயன் தரும். அது ஹபீப் தன்வீரின் 'நயா தியேட்டர்'.

1958ஆம் ஆண்டு. இன்றைய சத்தீஸ்கர் அப்போது மத்தியப் பிரதேசத்தின் ஒரு பகுதி. அங்கிருந்து ஆறு கிராமியக் கலைஞர்கள் தில்லிக்கு அழைத்து வரப்பட்டனர். மதன்லால், டாகுர் ராம், லாலு ராம், புல்வா ராம், பாபுதாஸ், ஜக்மோகன் என்பன அவர்களது பெயர்கள். 'நாச்சா' எனப்படும் சத்தீஸ்கர் மக்கள் நாடக வடிவத்தில் ஊறியவர்கள். நமது தெருக்கூத்தைப் போலவே நாச்சாவும் விடிய விடிய நடப்பது. பெண் வேடங்களையும் பெரும்பாலும் ஆண்களே தரிப்பது. ஆனால் புராணக் கதையை நம்பி நிற்பதில்லை. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஊர்ப் பண்ணையார், பூசாரி, வட்டிக்காரர், போலீஸ்காரர் என்று அனைவரையும் கிண்டல் செய்யும் சிறு சிறு நகைச்சுவைக் காட்சிகளே அதன் உயிர். அவற்றுக்கு எழுதப்பட்ட வசனம் கிடையாது. அன்றைய கூட்டத்தைப் பார்த்து, அந்த ஊர்ச் செய்தியை அறிந்து, நடிகர்கள் அங்கேயே பேசிக்கொள்வதுதான் வசனம். நடிகர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சிறு விவசாயிகள், கூலி உழைப்பாளர்கள்.

அவர்களை அழைத்து வந்தவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். ஹபீப் அகமது கான் 1923இல் ராய்ப்பூரில் பிறந்தார். 'தன்வீர்' என்பது கவிதை எழுதுவதற்காக அவர் வைத்துக்கொண்ட பெயர். பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்திலும் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்திலும் பணியாற்றிவிட்டு, 1954இல் தில்லிக்கு வந்தார். அதே ஆண்டு, நசீர் அக்பராபாதி என்ற உருதுக் கவிஞரின் காலத்தை மையமாக வைத்து 'ஆக்ரா பஜார்' நாடகத்தை உருவாக்கினார். ஜாமியா மில்லியா மாணவர்களோடு, பல்கலைக்கழகத்தை ஒட்டியிருந்த ஓக்லா கிராமத்துச் சாமானியர்களையும் மேடை ஏற்றினார். பிறகு இங்கிலாந்து சென்று நாடகம் பயின்றார். ஐரோப்பாவில் சுற்றினார். 1956இல் அவர் பெர்லினை அடைந்தபோது, அவர் காண விரும்பிய பிரெக்ட் சில வாரங்களுக்கு முன்புதான் மறைந்திருந்தார். பிரெக்டின் குழுவினரின் நாடகங்களைப் பல மாதங்கள் தங்கிப் பார்த்துவிட்டு நாடு திரும்பியவர், சொந்த ஊரான ராய்ப்பூருக்குச் சென்றார். அங்கே ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து நாச்சா பார்த்தார். பார்த்ததும் அந்தக் கலைஞர்களிடம், தன்னோடு தில்லிக்கு வருகிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

சூத்ரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்துக்காகத்தான் அவர்கள் வந்தார்கள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியற் சிறுதேர்' எனத் தமிழாக்கிய அதே நாடகம். 'மிட்டி கி காடி' என்ற பெயரில் ஹிந்துஸ்தானியில் அது அரங்கேறியது. வடமொழி நாடகத்தில் கிராமத்தார் நடிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தனர். ஒரே காட்சியில் வீதி, வீடு, தோட்டம், நீதிமன்றம் என்று தாவும் சூத்ரகரின் போக்கு, எந்தத் திரையும் இல்லாமல் வெட்டவெளியில் இரவு முழுவதும் ஆடும் நாச்சாவுக்கு அருகில் உள்ளது என்பது ஹபீபின் வாதம். அந்த வாதம் சரி என்பதைக் காலம் நிறுவிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1959இல், ஹபீபும் பின்னாளில் அவரது துணைவியான மோனிகா மிஸ்ராவும் இந்த ஆறு பேரை உடன் வைத்துக்கொண்டு நயா தியேட்டரைத் தொடங்கினர். தேசிய நாடகப் பள்ளி தொடங்கப்பட்டதும் அதே 1959இல், அதே தில்லியில்தான். ஒன்றுக்கு மத்திய அரசின் நிதி, வளாகம், விடுதி, பாடத்திட்டம் எல்லாம் இருந்தன. மற்றொன்று ஒரு கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்தது. 

மொழி பறிபோன மேடை

தில்லிக்கு வந்த கிராமியக் கலைஞர்களுக்கு முதலில் நேர்ந்த இழப்பு இருப்பிடம் அல்ல, மொழி. சொந்த ஊரில் ஆயிரக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தவர்கள், தலைநகரின் மேடையில் ஹிந்தி வசனத்தை ஒப்பிக்க வேண்டியிருந்தது. இதற்குக் காரணம் வேறு யாருமல்ல, ஹபீப்தான். இதைப் பின்னாளில் பல நேர்காணல்களில் அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் கற்ற பாடத்தின்படி, 'இந்த வசனத்தில் இடப்பக்கம் இரண்டடி வை, அந்தச் சொல்லில் திரும்பு' என்று அவர்களை நடத்தினார். மூன்று பக்கமும் மக்கள் சூழ்ந்திருக்க, யார் கைதட்டுகிறார்களோ அந்தப் பக்கம் திரும்பி ஆடியே பழகியவர்கள் அவர்கள். தாளில் உள்ள வசனத்துக்கும் காலடிக்கும் முடிச்சுப் போடச் சொன்னதும் விறைத்துப் போனார்கள். ஊரில் சிங்கமாக இருந்தவர் இங்கே ஏன் இப்படி ஆகிவிட்டார் என்பது ஹபீபுக்குப் புரியவே நெடுங்காலம் ஆயிற்று.

திருப்புமுனை 1973இல் ராய்ப்பூரில் நடந்த நாச்சா பயிலரங்கில் வந்தது. நடிகர்களை அவர்களது சத்தீஸ்கடி மொழியிலேயே பேச விட்டார். கதையின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிட்டு, சதையை அவர்களே வைக்கட்டும் என்று ஒதுங்கி உட்கார்ந்தார். அங்கே பிறந்த 'காவ் கா நாம் ஸசுரால், மோர் நாம் தாமாத்' நாடகம் தில்லியிலும் ஓடியது. மொழி புரியாது என்று சொல்லப்பட்ட தலைநகரப் பார்வையாளர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிக்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சத்தீஸ்கடியைத் தாய்மொழியாகப் பதிவு செய்தோர் ஏறத்தாழ 1 கோடியே 62 லட்சம் பேர். ஆனால் அந்தக் கணக்கு 'ஹிந்தி' என்ற பெருந்தலைப்பின் கீழேதான் சேர்க்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாநிலம் பிறந்து, 2007இல் அம்மாநிலச் சட்டப்பேரவை சத்தீஸ்கடிக்கு ஆட்சிமொழித் தகுதி வழங்கிய பிறகும், அரசியல் சாசனத்தின் 8ஆவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. நாட்டில் ஹிந்தி பேசுவோரின் எண்ணிக்கை பற்றிப் பெருமிதத்துடன் சொல்லப்படும் புள்ளிவிவரத்தில் டாகுர் ராம், மதன்லால் போன்றோரின் மொழியும் அடக்கம். அந்த 'ஹிந்தி'யில் பேசச் சொன்னபோதுதான் மேடையில் அவர்களுக்கு நாக்கு எழவில்லை. மொழியியல் அறிஞர்களின் வாதங்களைவிட இந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகப் பேசுகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பேர் சராயில் ஒரு சத்தீஸ்கர்

1972இல் நயா தியேட்டர் முழுநேரத் தொழில்முறைக் குழுவாக மாறியது. அதாவது நடிகர்களுக்கு மாதச் சம்பளம். அதே ஆண்டு ஹபீப் தன்வீர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரானார். 1978 வரை அப்பொறுப்பில் இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் என்ற முறையில் கிடைத்த வருவாயும் இருப்பிடமும் குழுவுக்கு நிழலாயின. நாடகக் கலைஞர் ஒருவரை மாநிலங்களவைக்கு அனுப்புவதால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. இந்த ஒரு நேர்வில் பதில் எளிது: சத்தீஸ்கர் கிராமத்தார் சிலருக்குத் தலைநகரில் தலைக்கு மேல் கூரை கிடைத்தது.

பதவிக்காலம் முடிந்தால் அந்தக் கூரையும் போய்விடும். பின்னாளில் குழு தென் தில்லியின் பேர் சராய் பகுதியில் வசித்தது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள இடம். 'சராய்' என்றால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம். யூசுப் சராய், கட்வாரியா சராய், லாடோ சராய், ஜியா சராய், சராய் காலே கான் என்று தில்லி வரைபடம் நெடுகச் சத்திரங்களின் பெயர்கள் இறைந்து கிடக்கின்றன. பாதுஷாக்கள் காலத்து நகரம், வந்து போகிறவனுக்கு இடம் ஒதுக்குவதை நகர நிர்வாகத்தின் கடமையாகவே எண்ணியது. இன்று பெயர் மட்டும் எஞ்சியிருக்க, அந்த இடங்களில் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையங்களும் நகல் எடுக்கும் கடைகளும் நிறைந்துள்ளன.

பெருநகரில் ஒரு நாடகக் குழு சேர்ந்து வாழ்வது என்பது கலைத் தேவை மட்டுமன்று, பொருளாதாரத் தேவையும்கூட. தனித்தனியே வாடகை கொடுத்து வாழ நடிகரின் சம்பளம் போதாது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். நிலம் வைத்திருப்பவருக்கு விதைப்பும் அறுப்பும் அழைக்கும். துர்க், ராஜ்நாந்த்காவ், நாக்பூர், போபால் வழியாக நிஜாமுதீன் வந்து சேரும் நெடும்பயணம் அவர்களுக்கு வாழ்வின் ஒரு பகுதியாகவே ஆனது. சம்பளம் தாமதமானால் சண்டை வரும், சிலர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போவார்கள், மீண்டும் வருவார்கள். வராமலே போனவர்களும் உண்டு. 1959இல் தொடங்கிய குழு ஹபீபின் மறைவு வரை 50 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என்பது, இந்தியாவில் கிராமியக் கலைஞர்களைக் கொண்டு நடத்தப்பட்ட தொழில்முறைக் குழு எதற்கும் எளிதில் வாய்க்காத ஆயுள்.

பெண்களின் வருகை தனிக் கதை. நாச்சாவில் ஆண்களே பெண் வேடம் போட்டு வந்த நிலையில், ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைக்கும் தேவார் சமூகத்திலிருந்து பிதா பாய், மாலா பாய் போன்றவர்கள் 1970களில் குழுவில் சேர்ந்தனர். பள்ளிக்கூடம் அறியாத பிதா பாய், 'சரண்தாஸ் சோர்' நாடகத்தில் அரசியாகவும், 'பகதூர் கலாரின்' நாடகத்தில் மகனையே கொல்ல நேரும் தாயாகவும் நடித்ததைப் பார்த்தவர்கள், இந்தியாவின் மிகச் சிறந்த நடிகைகளில் ஒருவராக அவரைக் கருதினர். இதில் மிகை எதுவும் இல்லை. நாடோடி என்று ஊர்கள் ஒதுக்கி வைத்த சமூகத்துப் பெண், தலைநகரின் குளிரூட்டிய அரங்கில் அரசியாக நின்றார். காட்சி முடிந்ததும் அவர் திரும்பிச் சென்றது நெரிசலான ஒரு குடியிருப்புக்குத்தான்.

'சரண்தாஸ் சோர்' பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். விஜய்தான் தேத்தா எழுதிய ராஜஸ்தானி நாட்டார் கதை அதன் மூலம். பொய் சொல்வதில்லை என்று குருவிடம் சத்தியம் செய்துவிடும் ஒரு திருடன். தங்கத் தட்டில் உண்பதில்லை, யானை மீது ஊர்வலம் போவதில்லை, அரசியை மணப்பதில்லை, அரியணை ஏறுவதில்லை என்று அவனுக்கு ஒருபோதும் வாய்க்க முடியாதவற்றையும் விளையாட்டாகச் சபதம் செய்கிறான். எல்லாம் ஒவ்வொன்றாக அவனைத் தேடி வருகின்றன. அரசியை மறுத்ததற்காகவும், அதை வெளியே சொல்லாமல் இருக்க மறுத்ததற்காகவும் கொல்லப்படுகிறான். சத்தியமே கடவுள் என்ற குரு காசிதாஸின் வழிவந்த சத்னாமி சமூகத்தாரின் பந்தி நடனமும் பாட்டும் நாடகத்தில் இணைந்தன. 1974இல் பிலாயில் பயிலரங்காகத் தொடங்கி, 1975இல் தில்லி மேடை ஏறிய நாடகம், 1982இல் எடின்பரோ விழாவில் 'பிரிஞ்ச் பர்ஸ்ட்' விருது பெற்றது. ஷியாம் பெனகல் 1975லேயே இதைச் சிறுவர் திரைப்படமாக்கினார். அதில் திருடனாக நடித்தவர் 1958இல் தில்லிக்கு வந்த அறுவரில் ஒருவரான லாலு ராம். அரசியாக ஸ்மிதா பாட்டீல்.

இதில் ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். ஹபீப் மறைந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2009 ஆகஸ்டில், சத்தீஸ்கர் அரசு புத்தக வாசிப்பு வாரத்திலிருந்து 'சரண்தாஸ் சோர்' நூலை விலக்கியது. சத்னாமி சமூகத் தலைவர் ஒருவர் தெரிவித்த ஆட்சேபமே காரணமாகச் சொல்லப்பட்டது. 30 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சமூகத்தின் பாட்டை உலகெங்கும் கொண்டுசென்ற நாடகத்துக்குச் சொந்த மாநிலம் அளித்த மரியாதை அது.

எதிர்ப்பு அவர்களுக்குப் புதிதல்ல. 'போங்கா பண்டித்' என்ற குறுநாடகம், தீண்டாமையையும் புரோகிதத்தையும் எள்ளி நகையாடுவது. 1930களிலேயே கிராமியக் கலைஞர்கள் உருவாக்கி ஊர் ஊராக ஆடிவந்தது, ஹபீப் எழுதியதன்று. பல பத்தாண்டுகள் எந்தத் தகராறும் இல்லாமல் கிராமத்து மக்கள், உயர்சாதியினர் உள்பட, பார்த்துச் சிரித்த அந்த நாடகத்துக்கு, 1992 அயோத்தி நிகழ்வுக்குப் பிறகு எதிர்ப்பு கிளம்பியது. 2003இல் மத்தியப் பிரதேசச் சுற்றுப்பயணத்தின்போது ஹிந்துத்துவ அமைப்பினர் ஊருக்கு ஊர் இடையூறு செய்தனர். ஹபீப் என்ற முஸ்லிம் பெயர் சுவரொட்டியில் இருந்ததுதான் உண்மையான ஆட்சேபம் என்று கருதியோர் பலர். மேடையில் நின்று அடியையும் வசவையும் எதிர்கொண்டவர்களோ அநேகமாக அனைவரும் ஹிந்துக்களான கிராமியக் கலைஞர்கள்.

ஹபீப் தில்லியில் இருந்த காலத்தில் இந்நகரின் அரசியல் நாடக இயக்கத்தோடும் கைகோத்திருந்தார். பிரேம்சந்த் கதையை அடிப்படையாகக் கொண்ட 'மோட்டேராம் கா சத்யாகிரக' நாடகத்தை 1988இல் ஜன நாட்டிய மஞ்ச் குழுவுக்காக, சஃப்தர் ஹாஷ்மியுடன் சேர்ந்து உருவாக்கினார். அடுத்த ஆண்டின் முதல் நாளில், தில்லியை ஒட்டிய சாகிபாபாதில் தொழிலாளர் குடியிருப்பில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது சஃப்தர் தாக்கப்பட்டார்; மறுநாள் உயிரிழந்தார். 

1990களின் நடுவில் நயா தியேட்டர் போபாலுக்கு இடம் பெயர்ந்தது. தலைநகரில் நாலு தசாப்தம் முகவரி வைத்திருந்த குழு, பிறகு விருந்தாளியாகத்தான் தில்லிக்கு வந்துபோனது.

வந்து போகிறவர் குற்றவாளியா?

நயா தியேட்டருக்காவது ஒரு ஹபீப் இருந்தார். பெயர் சொல்ல இயக்குநர் இல்லாத கலைஞர்களைத் தில்லி எப்படி நடத்தியது?

மேற்கு தில்லியில் ஷாதிப்பூர் பணிமனை அருகே 'கட்புத்லி காலனி' என்று ஓர் இடம் இருந்தது. கட்புத்லி என்றால் மரப்பொம்மை. ராஜஸ்தானிலிருந்து வந்து கூடாரம் அடித்த பொம்மலாட்டக்காரர்கள் உருவாக்கிய குடியிருப்பு. பிறகு செப்பிடுவித்தைக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், டோல் வாசிப்பவர்கள், பாடகர்கள் என்று பல மாநிலத்தாரும் சேர்ந்தனர். சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற பொம்மலாட்டக் கலைஞர் பூரண் பட் இங்கு வாழ்ந்தவர். இந்திய அரசு வெளிநாடுகளில் நடத்திய பாரத விழாக்களுக்கு இங்கிருந்து கலைஞர்கள் விமானத்தில் சென்றனர். திரும்பி வந்து, சாக்கடை ஓரத்துக் குடிசையில் இறங்கினர்.

5.22 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலத்தைத் தில்லி வளர்ச்சி ஆணையம் 2009இல் தனியார் கட்டுமான நிறுவனத்துடன் இணைந்து மறுசீரமைக்க ஒப்பந்தம் செய்தது. குடிசைவாசிகளுக்கு அதே இடத்தில் ஏறத்தாழ 2,800 சிறு வீடுகள், நிறுவனத்துக்கு 54 மாடிச் சொகுசுக் கோபுரமும் வணிக வளாகமும் என்பது திட்டம். ஒரு பகுதியினர் ஆனந்த் பர்பத் இடைக்கால முகாமுக்குச் சென்றனர். மற்றவர்கள் எதிர்த்துப் போராடினர். 2017 அக்டோபர் 30 அன்று காவல்துறைப் பாதுகாப்புடன் இயந்திரங்கள் நுழைந்து குடியிருப்பை இடித்தன. இரண்டாண்டு என்று சொல்லி முகாமுக்கு அனுப்பப்பட்டவர்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் காத்திருந்தனர். 

பொம்மலாட்டக்காரரின் வீடு என்பது படுக்கும் இடம் மட்டுமல்ல. பொம்மை செதுக்குவது, உடை தைப்பது, ஒத்திகை பார்ப்பது, திருமண வீட்டார் வந்து முன்பணம் கொடுப்பது எல்லாம் அதே வாசலில்தான். கழைக்கூத்தாடியின் மூங்கில் 12, 15 அடி நீளம் இருக்கும். அதை அடுக்குமாடி மின்தூக்கியில் எப்படி ஏற்றுவது என்று அவர்கள் கேட்ட கேள்வி, திட்ட வரைவாளருக்குச் சிரிப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அது தொழில் பற்றிய கேள்வி.

இடம் ஒருபுறம் இருக்க, சட்டம் இன்னொருபுறம். 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம் 1960களின் தொடக்கத்தில் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. பொது இடத்தில் பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது ஆகியவற்றின் பெயரால் காசு பெறுவதும் அச்சட்டத்தின்படி பிச்சை. பிடிபட்டால் முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பில்லம். மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டு வரை. குடியரசு நாளில் ராஜபாதையில் ஆடினால் பண்பாட்டுத் தூதர்; அதே கலைஞர் மறுநாள் கன்னாட் பிளேஸில் ஆடினால் பிச்சைக்காரர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதுவே தலைநகரின் சட்ட நிலைமை. 2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர் நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கும் அச்சட்டப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று அறிவித்தது. தீர்ப்பு தில்லிக்கு மட்டுமே பொருந்தும்.

ரயில் கட்டணமும் ஓய்வூதியமும்

சுற்றுப்பயணக் கலைஞருக்கு அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நிகழ்ச்சிக்காகப் பயணம் செய்யும் நாடக, இசை, நடன, மாயவித்தைக் குழுக்களுக்கு ரயில்வே துறை இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை அளித்து வந்தது. 20 பேர் கொண்ட குழு ராய்ப்பூரிலிருந்து தில்லிக்கு வந்து போவது இந்தச் சலுகையால்தான் சாத்தியமாயிற்று. 2020 மார்ச்சில், கரோனா பரவலைக் காரணம் காட்டி, மாணவர், நோயாளி, மாற்றுத்திறனாளிப் பிரிவினர் தவிர ஏனையோருக்கான சலுகைகள் நிறுத்தப்பட்டன. மூத்த குடிமக்கள் சலுகை பற்றி நாடாளுமன்றத்தில் கேள்விக்கு மேல் கேள்வி எழுந்தது. அதே ஆணையில் நாடகக் கலைஞர்களின் சலுகையும் போனது பலருக்குத் தெரியாது.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் நாடகக் குழுக்களுக்கு ஊதிய மானியம் வழங்குகிறது. குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 ரூபாய் வரை என்பது அதன் கணக்கு. தில்லியில் ஓர் அறை வாடகைக்கே இது காணாது. மூத்த கலைஞர்களுக்கான உதவித்தொகை மாதம் அதிகபட்சம் 6,000 ரூபாய். 60 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாச்சா நடிகர் இந்த விண்ணப்பத்தைச் சான்றுகளுடன் நிரப்பி அனுப்புவதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். எடின்பரோவில் நடித்ததற்குச் சான்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?

சரண்தாஸாகப் பல ஆண்டுகள் நடித்த கோவிந்த் ராம் நிர்மல்கருக்கு 2009இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் விருது பெற்ற அந்த நடிகர், சொற்ப ஓய்வூதியத்தை நம்பி வறுமையில் வாழ்வதாகப் பின்னர் நாளேடுகள் எழுதின. 2014இல் அவர் காலமானார். அவர் விருது பெற்ற அதே 2009இல், ஜூன் 8 அன்று, ஹபீப் தன்வீர் போபாலில் மறைந்தார். மோனிகா நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல், மறைந்திருந்தார். குழுவின் பொறுப்பு மகள் நகீனிடமும் மூத்த நடிகர்களிடமும் வந்தது.

2010 ஆகஸ்டில் 'பீப்லி லைவ்' என்ற ஹிந்தித் திரைப்படம் வெளியாயிற்று. விவசாயிகள் தற்கொலையையும் தில்லித் தொலைக்காட்சிகளின் பரபரப்பையும் ஒருசேரக் கிண்டல் செய்த படம். கடனில் மூழ்கிய நத்தா என்ற விவசாயியாக நடித்தவர் நயா தியேட்டர் நடிகர், பிலாயைச் சேர்ந்த ஓம்கார் தாஸ் மாணிக்புரி. அவருடன் ஹபீபின் குழுவினர் வேறு சிலரும் நடித்திருந்தனர். மேடையில் பல ஆண்டுகள் உழைத்தும் கிடைக்காத முக அறிமுகம் ஒரே படத்தில் நாடு முழுவதும் கிடைத்தது. இறந்துவிட்டதாக ஊரார் நம்பும் நத்தா, படத்தின் கடைசிக் காட்சியில் தில்லியை ஒட்டிய குர்கானில், எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளுக்கு நடுவே, உடலெல்லாம் புழுதி படிந்த கட்டடத் தொழிலாளியாக உட்கார்ந்திருக்கிறார். படத்தில் ஒலிக்கும் 'சோலா மாட்டி கே ராம்' நயா தியேட்டர் மேடைகளில் நெடுங்காலம் பாடப்பட்டு வந்த சத்தீஸ்கடிப் பாடல். படத்துக்காக அதைப் பாடியவர் நகீன் தன்வீர்.